சங்கீதக் கதிரை

கடந்த இரண்டு கிழமையில்
எத்தனை நாள் மனம் சோர்ந்திருந்தீர்கள் ஐயா என்று
கிளினிக்கில் ஒரு பிள்ளை கேட்டது.
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.
பிறசர் கொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து
ஒரு நாளுமில்லை என்றேன்.
அந்த இரண்டு கிழமையில்
நான் இன்னொரு மனிதரோடு பேசியது
அது ஒன்றுதான்.

எழுதிக்கொண்டது. பிறகு ஒரு துண்டு தந்தது:
செவ்வாய், வெள்ளி, காலை ஏழு மணி,
பொதுநோக்கு மண்டபம், முதியோர் உடற்பயிற்சி.
சாரத்தோடு வரலாம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் போனேன்.

தர்மபுரத்து மண்டபத்தில்
ஒரு விசிறி சுற்றும், மற்றது பார்த்துக்கொண்டிருக்கும்.
என்னோடு பதினொரு பேர்.
கையைத் தூக்குங்கோ, குதிக்காலை உயர்த்துங்கோ என்று
மருத்துவமாது எண்ணுவா.
எட்டுக்கு மேல் எண் இருப்பதை
எங்கள் மூச்சு ஒத்துக்கொள்ளாது.
பழனியாயி மட்டும் எண்ணி முடிந்தும் நிற்கமாட்டா.
"கொழுந்து பறிச்ச கைங்க,
நிறுத்தச் சொன்னா அதுக்கு வெளங்காது."
எமிலியானுக்கு ஒரு கால் பிறவியில் வந்தது,
மற்றது யாழ்ப்பாணத்தில் செய்தது.
செய்த காலில் மூட்டுவலி இல்லை என்று
எங்களுக்கு எரிச்சல் மூட்டுவார்.
திரவியமக்கா பேசமாட்டா.
சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுவருவா,
எங்கள் எல்லாருடைய இரத்தத்தையும் யோசித்து
சீனி போடாமல்.

முதியோர் தினத்துக்குச் சங்கீதக் கதிரை வைத்தார்கள்.
பத்துக் கதிரை. மருத்துவமாதின் போனில் பாட்டு.

எங்களுக்கு விதி சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
எழும்புவது, சுற்றுவது,
இருக்க ஓரிடம் பார்ப்பது,
இருந்த இடம் இல்லாமல் போவது.
இங்கிருந்து விசுவமடு,
விசுவமடுவிலிருந்து உடையார்கட்டு,
அங்கிருந்து இரணைப்பாலை,
அங்கிருந்து
கடல்.
ஒவ்வொரு தரமும் கதிரை குறைந்தது.
ஆட்களும்.

பாட்டு நின்றது.
திரவியமக்கா நடுவில் நின்றா,
கையில் பிடிக்க எதுவுமில்லாமல்.
அக்கா அவுட் என்று மருத்துவமாது சிரித்தா.
நாங்கள் சிரிக்கவில்லை.
பழனியாயி ஒரு பக்கமாக ஒதுங்கினா.
"எனக்கெல்லாம் அரைக் கதிரை போதும், உக்காருங்க."

அப்படியில்லை அம்மா, விளையாட்டு அப்படியில்லை என்று
மருத்துவமாது சொல்லச் சொல்ல
ஒன்பது கதிரையில் பதினொரு பேர்,
ஆறு கதிரையில் பதினொரு பேர்,
மூன்று கதிரையில், ஒருவர் மடியில் ஒருவர்,
வெட்கமில்லாத கிழங்கள் பதினொன்று.
பிளாஸ்ரிக் அதற்குமேல் தாங்காது.
டக் என்று ஒரு சத்தம். எல்லாரும் நிலத்தில்.

"கதிரைக்குக் கால் போட்டுது"
என்றா திரவியமக்கா.
அவவின் குரல் இப்படி இருக்கும் என்று
எனக்கு அன்றுதான் தெரியும்.
"பரவாயில்லை" என்றார் எமிலியான்,
"எனக்குத் தெரிஞ்ச இடமிருக்கு, செய்விக்கலாம்."

வென்றவர் இல்லாததால்
பரிசுச் சவர்க்காரம் மண்டபக் குழாயடியில் கிடந்தது.
எல்லாரும் கை கழுவக் கரைந்தது.

பிறகு ஒரு வெள்ளி திரவியமக்கா வரவில்லை.
அன்றைக்குப் பயிற்சி
அவவின் வீடுவரை ஒன்றரைக் கட்டை நடப்பது.
எமிலியான்தான் முன்னுக்கு.
அக்கா கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டிருந்தா.
ஏன் வரேல்லை?
சும்மா.
நாங்களும் சும்மா இருந்தோம்,
தவிடு காயும்வரை.
செவ்வாய் வந்தா. அடுத்த வெள்ளி வரவில்லை.
அதற்கும் நடந்தோம்.

மாதக் கிளினிக்கில் அதே பிள்ளை, அதே கேள்வி.
கடந்த இரண்டு கிழமையில் எத்தனை நாள்?
இந்தமுறை விரல் மடித்து எண்ணினேன்.
பத்து என்றேன்.
பிள்ளை நிமிர்ந்து பார்த்தது.
மிச்சம் நாலும் செவ்வாய், வெள்ளி.

அதையும் எழுதட்டா ஐயா?
எழுது.